முடிசூட வந்த 12 வயதுப் பாலகன்!
காஞ்சிக் கோவில் சுவரில் ஒரு கண்ணீர்க் கதை

பட்டுப் புடவை வாங்கக் காஞ்சிபுரம் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோவிலுக்கும் போய் வர வேண்டும். அங்கே திருச்சுற்றுச் சுவர் முழுவதும் பல்லவ மன்னர்களின் கதை சிற்பமாக நிற்கிறது. அதில் ஒரு காட்சி பெற்றோர் மனத்தை உருக்கிவிடும்.

கி.பி. 731-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தான். காஞ்சியின் அரியணை காலியாயிற்று. அடுத்த அரசன் யார்?

அமைச்சர்களும், நகர வணிகர்களும், கடிகை என்னும் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் கூடிப் பேசினார்கள். பல்லவர் குலத்தின் இளைய கிளையில் வந்தவர் இரணியவர்மர். அவரைத் தேடிப் போனார்கள். "எங்களுக்கு ஓர் அரசனைத் தாருங்கள்" என்று வேண்டினார்கள்.

இரணியவர்மருக்கு நான்கு பிள்ளைகள். தந்தை ஒவ்வொருவராகக் கேட்டார். மூத்தவர் மூவரும் மறுத்துவிட்டனர். கடைக்குட்டி பல்லவமல்லன் மட்டும் தான் போவதாக முன்வந்தான். அவனுக்கு வயது 12!

தந்தை திகைத்தார். பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளையை, பகைவர் சூழ்ந்த நாட்டுக்கு எப்படி அனுப்புவது? தரண்டிகொண்ட போசர் என்பவர் எடுத்துச் சொன்ன பிறகே அவர் மனம் இசைந்தது.

காடும் மலையும் ஆறும் கடந்து சிறுவன் வந்தான். காஞ்சி நகரம் எதிர்கொண்டு அழைத்தது. முடிசூட்டு விழா நடந்தது. பல்லவமல்லன், நந்திவர்மன் ஆனான்.

மகுடத்தோடு துன்பமும் வந்தது. சித்திரமாயன் என்பவன் அரசுரிமைக்குப் போட்டியிட்டான். தமிழ் மன்னர்கள் அவன் பக்கம் சேர்ந்தனர். நந்திபுரக் கோட்டைக்குள் நந்திவர்மன் முற்றுகையில் சிக்கினான். படைத்தலைவன் உதயசந்திரன் விரைந்து வந்து, சித்திரமாயனைக் கொன்று, தன் அரசனை மீட்டான்.

பின்னர் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியையே பிடித்தான். ஆனால் ஊரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோவில் செல்வத்தைக் கண்டு வியந்து, கோவிலுக்கே திருப்பித் தந்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அந்தக் கோவில் தூணில் இருக்கிறது.

நந்திவர்மன் காஞ்சியை மீண்டும் அடைந்தான். ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆண்டான்! வைகுண்டப் பெருமாள் கோவிலைக் கட்டியவனும் அவனே.

வெற்றிகளை மட்டும் அவன் செதுக்கச் சொல்லவில்லை. அண்ணன்மார் மறுத்ததும், தந்தை தயங்கியதும் அந்தக் கல்லிலே இருக்கின்றன. அடுத்த முறை காஞ்சிக்குப் போனால், பிள்ளைகளையும் அழைத்துச் சென்று அந்தச் சுவரைக் காட்டுங்கள்!