மரப்பட்டையிலிருந்து ஊசிமருந்து வரை

"புற்றுநோய்க்கு மஞ்சளும் பட்டிப்பூ இலைச்சாறும் போதுமாம், உண்மையா?" என்று பெண்கள் பலர் எங்களிடம் கேட்பதுண்டு. நுரையீரல் புற்றுநோய் கண்ட கணவருக்கோ தாய்க்கோ துணையாகத் தெல்லிப்பழைக்கும் மகரகமவுக்கும் அலைபவர்கள் இவர்கள். பஸ் காசுக்கே கடன் வாங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் கேட்பதில் பாதி உண்மை. மற்றப் பாதிதான் ஆபத்தானது.

தாவரங்களிலிருந்து புற்றுநோய் மருந்து கிடைப்பது மெய். நமது வளவுகளில் நிற்கும் பட்டிப்பூச் செடியிலிருந்துதான் வின்பிளாஸ்ரின், வின்கிறிஸ்ரின் என்னும் மருந்துகள் பிரித்தெடுக்கப்பட்டன. அமெரிக்காவின் பசுபிக் கரையோரக் காடுகளில் வளரும் யூ மரத்தின் பட்டை 1962இல் ஆய்வுக்காகச் சேகரிக்கப்பட்டது. அதிலிருந்த பக்ளிற்றக்செல் என்ற பொருளை வோல், வானி என்ற விஞ்ஞானிகள் பிரித்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள்.

இந்தப் பொருள் தண்ணீரில் கரையாது. கரையாததை இரத்தத்தில் எப்படி ஏற்றுவது? ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானோடு மதுசாரமும் சேர்த்து ஏற்றினார்கள். அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொடுத்தது. அதனால் முன்கூட்டியே வேறு மருந்துகள் கொடுத்து, மணித்தியாலக் கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டியிருந்தது.

இதற்குத்தான் நனோ தொழினுட்பம் கைகொடுத்தது. நமது இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் உண்டு. தண்ணீரில் கரையாத பொருட்களைச் சுமந்து செல்வது அதன் வேலைகளில் ஒன்று. மருந்தை அந்தப் புரதத்துடன் சேர்த்து, சுமார் 130 நனோமீற்றர் அளவான துணிக்கைகளாக்கினார்கள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நனோமீற்றர். இப்போது கரைப்பான் தேவையில்லை, அரை மணித்தியாலத்தில் ஏற்றிவிடலாம். ஐக்கிய அமெரிக்காவில் 2005இல் மார்பகப் புற்றுநோய்க்கும், 2012இல் ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்கும் இதற்கு அனுமதி கிடைத்தது.

பலனை மிகைப்படுத்தவும் கூடாது. நுரையீரல் புற்றுநோயாளர் 1052 பேரிடம் செய்த பரிசோதனையில், பழைய முறையில் 25 வீதமானோருக்கும் புதிய முறையில் 33 வீதமானோருக்கும் கட்டி சுருங்கியது. உயிர்வாழ்ந்த காலமோ இரு பகுதியினருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், ஒரு வருடமளவு. கைகால் விறைப்புக் குறைந்தது, இரத்தச்சோகை கூடியது.

மஞ்சளில் உள்ள குர்குமின், சாப்பிடும்போது மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேரும். அதையும் நனோ துணிக்கைகளில் ஏற்றிக் கொடுக்க ஆய்வுகள் நடக்கின்றன. நுரையீரல் புற்றுநோய்க்கான அங்கீகரிக்கப்பட்ட மருந்தாக அது இன்னும் வரவில்லை. கறிக்குப் போடுங்கள், தவறில்லை. பட்டிப்பூச் சாறு அப்படியல்ல, அது நஞ்சு. அதைக் கொடுத்துக்கொண்டு கிளினிக்கை நிறுத்துவது இரட்டிப்பு ஆபத்து.

வீட்டில் ஏதாவது கைமருந்து கொடுத்திருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். சில மூலிகைகள் ஏற்றும் மருந்தின் வேலையைக் கெடுக்கும். ஏச்சு விழும் என்று பயந்து மறைப்பவர்கள் பலர். தாதியிடமாவது சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.