பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளைக் கம்பி வழியே இயக்கும் முறை

வயலுக்கு ஒரு கிணறு வெட்டினால்தான் பயிர் விளையும் என்று எந்த விவசாயியும் கருதுவதில்லை. பொது ஏரியில் நீர் இருந்து, வாய்க்காலும் செம்மையாக இருக்குமானால், பல வயல்களுக்கு அதுவே போதும். கம்ப்யூட்டர் விஷயத்திலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. கிராம நூலகத்திற்கோ பள்ளிக்கோ பத்துக் கம்ப்யூட்டர்கள் தேவைப்பட்டு, பத்தையும் புதிதாக வாங்கப் பணமின்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தயங்கும் சமயங்களில், இம்முறையை அறிந்திருப்பது மிகவும் பயன் தரும்.

பாங்குகளும் பெரிய காரியாலயங்களும் ‘தின் கிளையன்ட்’ என்னும் சிறு பெட்டிகளைச் சில ஆண்டுகள் உபயோகித்தபின் கழித்து விடுகின்றன. அவை பழைய சாமான் வியாபாரிகளிடம் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றில் சுழலும் ஹார்டு டிஸ்கும் இல்லை, விசிறியும் இல்லை. ஆகவே தேய்ந்து பழுதாகும் பாகங்கள் குறைவு. மின்சாரச் செலவும் சாதாரணமாக 10 முதல் 25 வாட் வரையில்தான். உள்ளிருக்கும் மென்பொருள் பழமையடைந்து விட்டதனாலேயே அவை கழிக்கப்படுகின்றன. ஆயினும், அம்மென்பொருளை நாடாமல், வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து லினக்ஸைக் கம்பி வழியே பெற்று இயங்கும் ஆற்றல் அவற்றில் பெரும்பாலானவற்றிற்கு உண்டு. 1991-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை விலையின்றியே பெறலாம்.

இது நடைபெறும் விதம்

பெட்டியின் விசையை அழுத்தியதும், அதன் நெட்வொர்க் பாகத்திலுள்ள ‘பி.எக்ஸ்.இ.’ என்னும் சிறு நிரல் விழித்தெழுகிறது. தனக்கு விலாசம் தருவோர் உண்டா என்று அது கம்பி வழியே யாவரையும் கேட்கிறது. ‘டி.எச்.சி.பி.’ சேவை புரியும் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு விலாசத்தையும், எந்த சர்வரிலிருந்து எந்த பைலைப் பெறவேண்டும் என்பதையும் தெரிவிக்கிறது. ‘டி.எஃப்.டி.பி.’ என்னும் எளிய முறையில் பெட்டி அந்த பைலைப் பெறுகிறது. அதன் துணையால் லினக்ஸின் மையமாகிய ‘கெர்னல்’ வந்து சேருகிறது. அதன்பின் வேண்டிய பைல்களையெல்லாம், தன் சொந்த டிஸ்கில் இருப்பனபோல, சர்வரின் டிஸ்கிலிருந்தே பெட்டி படித்துக் கொள்கிறது.

சர்வரில் இவ்வேலைகளை ஒருங்கே அமைப்பதற்கு, 1999-ல் தொடங்கப்பெற்று 2019-ல் புதிதாக எழுதப்பெற்ற ‘எல்.டி.எஸ்.பி.’ என்னும் இலவச மென்பொருள் உள்ளது. லினக்ஸ் பழக்கமுள்ள ஓர் ஆசிரியரோ கல்லூரி மாணவரோ அதை அமைத்துவிட முடியும். ஒன்றை மட்டும் அவர் முன்னதாகவே கவனிக்க வேண்டும். இணைய இணைப்பிற்காக ஏற்கெனவே உள்ள ரௌட்டரும் விலாசம் வழங்கி வரும். ஒரே மதகை இருவர் கலந்து பேசாமல் திறந்தால் என்ன ஆகுமோ, அதுவே இரண்டு கருவிகள் தனித்தனியே விலாசம் வழங்கும்போதும் ஆகும். ‘டி.என்.எஸ்.மாஸ்க்’ என்னும் மென்பொருளை ‘ப்ராக்ஸி’ முறையில் அமைத்தால், விலாசத்தை ரௌட்டரே வழங்கும். பைலைப் பற்றிய விவரத்தை மட்டும் சர்வர் கூறும்.

தடை நேர்ந்தால்

முதல் முயற்சியிலேயே பெட்டி இயங்காவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. பல பெட்டிகள் தங்கள் குறையைத் திரையில் தாமே எழுதிக் காட்டும். ‘ஈ 61’ என்று வந்தால் கேபிளையும் இணைப்பையும் சோதிக்க வேண்டும். ‘ஈ 51’ என்றால் விலாசம் தருவோர் எவரும் பதிலளிக்கவில்லை என்பது பொருள். ‘ஈ 53’ என்றால் எடுக்க வேண்டிய பைலின் பெயர் கிடைக்கவில்லை. ‘ஈ 32’ என்றால் பைலைக் கேட்டும் சர்வரிடமிருந்து உரிய நேரத்தில் பதில் வரவில்லை. சர்வரின் ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்டி இக்குறிகளில் ஒன்றையும் காட்டாமல் தன் பழைய மென்பொருளையே திறக்குமானால், அதன் ‘பயாஸ்’ அமைப்பில் நெட்வொர்க் பூட் முதலிடம் பெறவில்லை என்று அறியலாம். எச்.பி. பெட்டிகள் பலவற்றில் தொடக்கத்தில் எஃப் 10 விசை இவ்வமைப்பைத் திறக்கும். எஃப் 12 விசை நெட்வொர்க் பூட்டை நேராகத் தொடங்கும். அமைப்பைத் திருத்தியும் மின்சாரத்தைத் துண்டித்ததும் மறுபடி மாறிவிடுமானால், உள்ளே இருக்கும் காசு வடிவப் பாட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் ‘சி.ஆர். 2032’ என்ற அந்தப் பாட்டரி சொற்ப விலைதான். இதை அறியாமல் நல்ல பெட்டியைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது.

வாங்குமுன் ஆராய வேண்டியவை

குறைந்த விலை என்பதற்காக எல்லாப் பெட்டிகளையும் வாங்குவது சிக்கனமாகாது. முதலாவதாக, ப்ராசஸர் 64 பிட் வகையா என்று கேட்டறிய வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ல், 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கான கெர்னலும் நிறுவும் தொகுப்பும் நிறுத்தப்பட்டன. ஆதலால் அவ்வகைப் பெட்டிகள் விரைவில் மீண்டும் பழமையடையும். இரண்டாவதாக, ராம் 2 ஜி.பி.க்குக் குறையாமல் இருப்பது நலம். அதற்குக் குறைந்தால், இக்காலத்து இணையதளங்களைத் திறக்கும்போது பெட்டி திணறும். மூன்றாவதாக, பயாஸ் பாஸ்வேர்டினால் பூட்டப்பட்ட பெட்டியை, பாஸ்வேர்டு தெரியாமல் வாங்கலாகாது.

வாய்க்காலின் அகலத்தையும் கணக்கிட வேண்டும். 100 மெகாபிட் இணைப்பு ஒரு விநாடிக்குச் சுமார் 12 மெகாபைட் அளவே கொண்டு செல்லும். பத்துப் பெட்டிகள் ஒரே சமயத்தில் தொடங்கினால் ஒன்றுக்கு ஒரு மெகாபைட் அளவே கிட்டும். எனவே சர்வரிலிருந்து நெட்வொர்க் சுவிட்ச் வரையிலாவது 1,000 மெகாபிட் இணைப்பு இருத்தல் அவசியம்.

இம்முறையில் ஒரு பெரிய குறையும் உண்டு. ஏரி வற்றினால் எல்லா வயல்களும் காய்வதுபோல, சர்வர் நின்றால் எல்லாப் பெட்டிகளும் நின்றுவிடும். பிள்ளைகள் எழுதிய பைல்களும் அந்த சர்வரிலேதான் இருக்கும். ஆகவே பெட்டிகளில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை, நல்ல சர்வருக்கும், அதற்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் உரிய யு.பி.எஸ்.ஸுக்கும், பைல்களை வாரந்தோறும் பிரதி எடுத்து வைக்கத் தனி டிஸ்குக்கும் ஒதுக்க வேண்டும். இச்செலவைத் தவிர்க்க விரும்பும் பஞ்சாயத்து இம்முறையில் இறங்காமலிருப்பதே மேல்.

விதையை மொத்தமாக வாங்குமுன் ஒரு பிடியை முளைக்க வைத்துப் பார்ப்பது நம் விவசாயிகளின் வழக்கம். அவ்வாறே முதலில் ஒரே ஒரு பெட்டியை வாங்கி, இருக்கும் ஒரு கம்ப்யூட்டரையே சர்வராக அமைத்து, ஒரு வார காலம் பிள்ளைகளை உபயோகிக்கச் செய்து பார்க்க வேண்டும். அது திருப்தியளித்த பின்னரே மற்ற ஒன்பது பெட்டிகளுக்கான தீர்மானத்தைப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் கொண்டுவருவது முறையாகும்.