ஆல்டர்னேட்டர் பெரியது, ஒயர் பழையது: லாரி டிரைவர்களே, கவனியுங்கள்!

மும்பையை அடுத்த களம்போலி லாரி நிலையத்தில் டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்ற எண் பலகைகளைப் பார்க்கலாம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரிகள் அவை. திரும்பும் சரக்கு கிடைக்கும் வரை டிரைவருக்கும் கிளீனருக்கும் கேபின்தான் வீடு. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதிலேதான். அந்த வீட்டில் ஒயர் தீப்பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

முன்பெல்லாம் லாரியில் மின்சாரச் செலவு குறைவு. விளக்குகள், ஹார்ன், வைப்பர், அவ்வளவுதான். இப்போது மின்விசிறி, கூடுதல் விளக்கு, பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர், ஜி.பி.எஸ். கருவி எல்லாம் சேர்ந்துவிட்டன. 2025-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் தயாராகும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளுக்குக் குளிர்சாதன கேபின் கட்டாயம். பழைய லாரிகளிலும் சிலர் ஏ.சி. பொருத்துகிறார்கள். ஏ.சி. கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட் சுற்றினாலும், அதன் காற்றாடிகளுக்கு மின்சாரம் வேண்டும்.

பேட்டரி அடிக்கடி இறங்கினால், பெரிய ஆல்டர்னேட்டரை வாங்கிப் போடுகிறார்கள். (இன்றும் பலர் இதை "டைனமோ" என்றே சொல்கிறார்கள். பழைய டைனமோ இன்ஜின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் தராது, ஆல்டர்னேட்டர் தரும்.) ஆனால் பழைய ஒயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தவறு அங்கேதான்.

ஒயர் ஏன் சுடுகிறது?

35 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை எடுத்துவிட்டு, 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து பேட்டரி வரை 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், 4 மீட்டர் நீளம். 35 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒயரில் சுமார் 21 வாட் சூடாக வீணாகும். 80 ஆம்பியர் ஓடினால் 112 வாட்! மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்பது கணக்கு.

ஒயரின் மேலுறை உருகி, செம்பு சேசிஸில் பட்டால் ஷார்ட் சர்க்யூட்தான். ஆல்டர்னேட்டர் நின்றாலும் பேட்டரி மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

தீப்பிடிக்காவிட்டாலும் நஷ்டம் உண்டு. 80 ஆம்பியரில் அந்த ஒயரிலேயே 1.4 வோல்ட் போய்விடும். ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் தந்தாலும் பேட்டரிக்கு 26.6 வோல்ட்தான் போய்ச் சேரும். பேட்டரி நிறையாது. மழை இரவில் கண்டாலா மலைப்பாதையில் விளக்கு மங்கும். வழியில் வண்டி நின்றால் டிரைவரின் பேட்டாவும் போகும்.

என்ன செய்ய வேண்டும்?

இந்த அளவுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் போட்டால், இழப்பு கால் வோல்ட்டுக்கும் குறைவு. முனைகளில் சரியான லக் வைத்து அழுத்த வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது கூடாது. பேட்டரிப் பக்கத்தில், ஒயரின் தாங்கு சக்தியைத் தாண்டாத பியூஸ் அவசியம். உரசும் இடங்களில் உறை போட்டு, கிளிப் அடிக்க வேண்டும்.

எர்த் ஒயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போன மின்சாரம் அந்த வழியாகத்தானே திரும்ப வேண்டும்! இன்ஜினுக்கும் சேசிஸுக்கும், சேசிஸுக்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள எர்த்தும் அதே தடிமனில் இருக்க வேண்டும். பெயின்டையும் துருவையும் சுரண்டிவிட்டுத்தான் போல்ட் முடுக்க வேண்டும்.

பழைய லாரிகள் சிலவற்றில் சார்ஜிங் ஒயர் டாஷ்போர்டு அம்மீட்டர் வழியாகச் சுற்றி வரும். பெரிய மின்னோட்டத்தை அந்த வழியில் விடக் கூடாது. பெல்ட் வழுக்கினால் பெரிய ஆல்டர்னேட்டரும் பயன்படாது. அதையும் பார்க்க வேண்டும்.

12 வோல்ட் திருட்டு

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. பாட்டுப் பெட்டிக்காக ஒரு பேட்டரியில் மட்டும் ஒயர் இழுப்பது பரவலான வழக்கம். இதனால் அந்த பேட்டரி இறங்கும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். இரண்டுமே சீக்கிரம் கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்கிப் போடுவதே லாபம்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியை ஒருபோதும் கழற்றக் கூடாது; ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 லாரிகளில் மின்னணுக் கருவிகள் அதிகம். அவற்றைக் கம்பெனி சர்வீஸில் விடுவதே நல்லது.

வேலை முடிந்ததும் ஒரு மல்டிமீட்டரால் சோதிக்கலாம். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரிகள் இரண்டும் சேர்ந்து 25 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இன்ஜின் ஓடும்போது 28 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பிறகு எல்லா விளக்குகளையும் காற்றாடிகளையும் போட்டு, ஆல்டர்னேட்டர் முனைக்கும் பேட்டரி பாசிடிவ் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரிலோ இணைப்பிலோ குறை இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.