வெறுங்கையோடு அனுப்ப முடியாது

கம்பத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்கு ஜூன் மாதம் பிறந்தால் ஓய்வு கிடையாது. மலைமேல் மழை பிடித்துவிடும். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, கேரளத்தில் இருக்கிற குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள், நனைந்த துணியோடு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். ஜீப் நின்றதும் நேரே கடைக்கு வருவார்கள். "தங்கச்சி, சளியும் தொண்டைவலியுமா இருக்கு. காலையில வேலைக்குப் போகணும். நல்லாக் கேக்குற மாத்திரையா ரெண்டு வேளைக்குக் குடு."

நல்லாக் கேக்குற மாத்திரை என்றால் ஆன்ட்டிபயாட்டிக் கேப்சூல். அது கேட்கிறவருக்கும் தெரியும், டி.ஃபார்ம் படித்துவிட்டு கவுன்டருக்குள் நிற்கிற எனக்கும் தெரியும். சளிக்கு அது உதவாது என்பது மட்டும்தான் எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் 12 நாடுகளில் கேட்டுப் பார்த்தபோது, சளிக்கும் ஃபுளூவுக்கும் ஆன்ட்டிபயாட்டிக் கேட்கும் என்று நூற்றுக்கு 64 பேர் சொன்னார்கள். இந்தியாவில் நாலில் மூன்று பேர்.

அவர்கள் அப்படி நம்புவதில் வியப்பில்லை. சளி வைரஸால் வருவது. ஆன்ட்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். ஆனால் சளி தானாகவே நாலைந்து நாளில் தணியத் தொடங்கும். மூன்றாம் நாள் மாத்திரை போட்டவருக்கு ஐந்தாம் நாள் சுகமானால் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. இதற்கிடையில் அந்த மாத்திரை வயிற்றிலும் தொண்டையிலும் இருக்கிற சாதாரண பாக்டீரியாக்களில் எளிதில் சாகிறவற்றைக் கொன்று, தாக்குப்பிடிப்பவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கும். அவை பெருகும், தாக்குப்பிடிக்கும் திறனைச் சில சமயம் வேறு வகை பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். பிறகு நிஜமாகவே நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வரும்போது மருந்து வேலை செய்யாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக நேர்ந்த சாவுகள் 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் என்று ஒரு பெரிய மதிப்பீடு சொல்கிறது.

இதைத்தான் விழிப்புணர்வுப் பிரசாரங்கள் சொல்கின்றன. ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை அதற்கென்று ஒரு வாரமே உண்டு. நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் சிவப்புக் கோட்டுப் பிரசாரத்தைத் தொடங்கியது: அட்டையின் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே. நல்ல எண்ணம்தான். ஆனால் சர்க்கரை மாத்திரையிலும் பிரஷர் மாத்திரையிலும் அதே கோடு இருக்கிறது. வருஷக்கணக்காக அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே தினம் இரண்டு வேளை விழுங்குகிறவருக்கு, கேப்சூல் அட்டையில் அதைப் பார்த்தால் என்ன பயம் வரும்? போதாக்குறைக்கு, நம் ஊரில் முழு அட்டை வாங்குகிறவர் குறைவு. கத்தரியால் வெட்டிக் கொடுக்கும் இரண்டு மாத்திரையில் கோடு மிஞ்சினாலும் எச்சரிக்கை வாசகம் மிஞ்சாது.

பிரசாரமே வீண் என்று சொல்ல வரவில்லை. பிரான்ஸ் நாட்டில் நடந்தது வேறு கதை. ஐரோப்பாவிலேயே ஆன்ட்டிபயாட்டிக்கை மிக அதிகமாக விழுங்கிய நாடுகளில் ஒன்று அது. 2002-ல் அங்குள்ள தேசிய மருத்துவக் காப்பீட்டு அமைப்பு, ஆன்ட்டிபயாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற மருந்தல்ல என்ற பொருளில் எதுகையோடு ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, குளிர்காலம்தோறும் டிவியிலும் ரேடியோவிலும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. ஐந்து ஆண்டுகளில் குளிர்கால ஆன்ட்டிபயாட்டிக் சீட்டுகள் 26.5 சதவீதம் குறைந்தன. 6 முதல் 15 வயதுக் குழந்தைகளிடம் 35 சதவீதத்துக்கும் மேல். வாசகத்தின் பெருமை இது என்று பலரும் எழுதுவார்கள். எனக்கோ அதே பிரசாரத்தின் இன்னொரு பகுதிதான் பெரிதாகப் படுகிறது: தொண்டைவலி பாக்டீரியாவாலா வைரஸாலா என்று சில நிமிடத்தில் காட்டும் பரிசோதனைப் பட்டையை டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். "உனக்கு இது வேண்டாம்" என்று வாயால் சொல்வதற்கும், ஒரு சோதனையைச் செய்து காட்டிச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் கவுன்டரில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். பிரசாரத்தின் வேகம் தணிந்த பின் அங்கேயும் அந்த இறக்கம் அப்படியே தொடரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேரளத்தைப் பற்றி எனக்குச் செய்தித்தாளைவிட ஜீப்பில் வருகிறவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். அந்த மாநிலம் 2018-லேயே இதற்கென்று தனிச் செயல்திட்டம் போட்டது. 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று கடைகளில் திடீர்ச் சோதனை தொடங்கியது. சீட்டு இல்லாமல் ஆன்ட்டிபயாட்டிக் விற்கமாட்டோம் என்று கடையில் எழுதி வைக்கச் சொன்னார்கள். பல மருந்துகளுக்கும் பொதுவான அந்தச் சிவப்புக் கோட்டை நம்பாமல், ஆன்ட்டிபயாட்டிக்கை மட்டும் தனியாக நீல நிற உறையில் போட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் அங்கே வந்தது. சட்டம் மலைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், கண்காணிப்புதான் வேறு. "யக்கா, மேல சீட்டு கேக்குறாங்க, அதான் கீழ வந்து வாங்கிக்கலாம்னு வந்தேன்" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னபோது, பாதிப் பிரசாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

ஆனால் அவளை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலி போச்சு. அவள் கேட்பது மருந்தைக்கூட அல்ல, நாளைக்கு எழுந்து நிற்க ஒரு உத்தரவாதம். அதனால் நான் பாரசிட்டமால் கொடுப்பேன், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்வேன். அதோடு ஒரு கணக்கும் சொல்லி அனுப்புவேன். தொண்டைவலி ஒரு வாரம், சளி பத்து நாள், இருமல் மூன்று வாரம்வரை இருக்கும், இருந்தால் பயப்படாதே. இங்கிலாந்தில் 2008-லேயே டாக்டர்களுக்குக் கொடுத்த வழிகாட்டுதலில் இருக்கிற கணக்குதான் இது. எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்க்காத செய்தி, ஆனால் ஜனங்கள் காது கொடுத்துக் கேட்கிற செய்தி. நாலாம் நாள் இருமல் நிற்கவில்லையே என்று வேறு கடைக்கு ஓடுகிறவர்களில் பாதிப்பேர், இருமல் அவ்வளவு நாள் இருக்கும் என்று யாரும் சொல்லாததால் ஓடுகிறவர்கள்.

"குறைத்துக்கொள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எங்கள் பக்கம் ஒரு ஆபத்தும் உண்டு. மலைக்காட்டில் வேலை பார்க்கிறவருக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல், தலைவலி, இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு என்றால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்ட்டிபயாட்டிக்தான் மருந்து. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், கைக்குழந்தை பால் குடிக்காவிட்டாலும் அப்படித்தான்: கடையில் நிற்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எப்போது ஓட வேண்டும் என்பதையும் சொல்லாத பிரசாரம் பாதிதான்.

இன்னொன்று. பெரும்பாலான பிரசாரம் நோயாளியின் பக்கமே விரலை நீட்டுகிறது. 2014-ல் இங்கிலாந்தில் இதை இரண்டு விதமாகச் சோதித்தார்கள். ஒரு பக்கம், அதிகமாக ஆன்ட்டிபயாட்டிக் எழுதும் டாக்டர்களுக்கு நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி கையெழுத்தில் ஒரு கடிதம்: உங்கள் வட்டாரத்தில் 80 சதவீத கிளினிக்குகள் உங்களைவிடக் குறைவாகவே எழுதுகின்றன. மறுபக்கம், நோயாளிகளுக்கான நோட்டீசும் சுவரொட்டியும். கடிதம் போன இடத்தில் சீட்டுகள் 3.3 சதவீதம் குறைந்தன. ஆறு மாதத்தில் 73,000-க்கும் மேல். சுவரொட்டி போன இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை.

அப்படி ஒரு கடிதம் எழுத, யார் எவ்வளவு எழுதுகிறார் என்ற கணக்கு வேண்டும். அதில் ஒரு பகுதி நம்மிடமே இருக்கிறது. 2014 மார்ச்சிலிருந்து செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்ட்டிபயாட்டிக்குகள் 'ஹெச்1' பட்டியலில் வந்தன. அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எங்கள் கடையிலும் அடுக்கி வைத்திருக்கிறோம். ஆய்வுக்கு வருகிறவர்கள் தேதி விட்டுப்போயிருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார்கள். பக்கங்களைக் கூட்டிப் பார்த்து, இந்த ஊரில் எந்தச் சீட்டில் எது அதிகம் வருகிறது என்று கேட்டவர் இதுவரை யாரும் இல்லை. கேட்டால் ஒரு மதியத்தில் கூட்டிக் கொடுத்துவிடுவேன்.