வில்வண்டி கட்டிய கை கார் கட்டியது

1903-இல் மதராஸ் வீதியில் மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடியது. நீராவிக் கார் அது. கட்டியவர் சாமுவேல் ஜான் கிரீன். வேலை பார்த்த இடம் சிம்ப்சன் கம்பெனி. 1840-இல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்குச் சேணமும் சாரட்டும்தான் தொழில்.

சாரட்டு கட்டியவர்களுக்குக் கார் எப்படிக் கைவந்தது? அன்றைய காரில் என்ஜினையும் சேசிஸையும் கழித்தால் மிஞ்சுவது சாரட்டுதான்: மரச்சட்டம், அதன்மேல் தகடு, தோல் இருக்கை, பூசிப் பூசித் தேய்த்த வார்னிஷ். இரண்டாம் உலகப் போர் வரை ரோல்ஸ் ராய்ஸ்கூட சேசிஸை மட்டும்தான் விற்றது. வாங்கியவர்தான் மேற்கூட்டை வண்டிப் பட்டறையில் சொல்லிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பட்டறையிலிருந்து காருக்குப் போன சரக்கில் மகா கெட்டிக்காரத்தனமானது வில். பட்டைகளை அடுக்கிய நீள்வட்ட வில்லுக்கு 1804-இல் இங்கிலாந்தின் ஒபதையா எலியட் காப்புரிமை பெற்றார். திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கத்துப் பெரிய வீடுகளில் நின்ற வில்வண்டிக்கும் சூத்திரம் இதுதான்.

ஒரே கனமான இரும்பை வைக்காமல் ஏன் பட்டை பட்டையாக அடுக்க வேண்டும்? இரும்பின் கனம் இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிவிடும். ஒரே நீளமுள்ள பத்துப் பட்டைகள் உரசாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால், அதே மொத்தக் கனமுள்ள ஒற்றை இரும்பைவிட நூறு மடங்கு எளிதாக வளையும். நிஜத்தில் பட்டைகள் உரசத்தான் செய்யும், அதுவும் நல்லதுக்குத்தான். பள்ளத்தில் இறங்கிய வண்டி துள்ளிக்கொண்டே போகாமல் அந்த உரசல் அடக்குகிறது. இன்றைய லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் அதே பட்டை அடுக்கைக் காணலாம்.

கிரீன் காரை ஓட்டிய நீராவிக்கும் ஒரு வசதி உண்டு. பெட்ரோல் என்ஜின் சுற்றினால்தான் இழுக்கும். நீராவியோ நின்ற நிலையிலேயே பிஸ்டனை முழு பலத்தோடு தள்ளும். கிளட்ச், கியர் தொல்லை குறைவு. ஆனால் கொதிகலன் சூடேறக் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் ஜெயித்தது.

சிம்ப்சன் நீராவிக் காரோடு நிற்கவில்லை. எஸ். அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் 1950-களில் பெர்கின்ஸ் டீசல் என்ஜின் தயாரிப்பில் இறங்கியது. சிம்ப்சன் இருந்த குழுமத்திலேயே 1960-இல் டாஃபே டிராக்டர் கம்பெனி பிறந்தது. கரிசலில் டாஃபேயின் மாஸி பெர்குசன் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் பானெட்டைத் திறந்து பாருங்கள். என்ஜின் பெரும்பாலும் சிம்ப்சனாகத்தான் இருக்கும்.