உங்களுக்குத் தெரியுமா? துருவைக் கறுக்க வைக்கும் கடுக்காய்த் துவர்ப்பு

பழைய ஜீப்பின் சேஸிஸில் ஏறிய துருவைக் கறுப்பாக்கும் ‘ரஸ்ட் கன்வர்ட்டர்’ பூச்சும், திருப்பதி மாவட்டத்துக் காளஹஸ்தியில் கலம்காரித் துணியில் எழுதப்படும் கருங்கோடும் ஒரே வேதியியலைச் சார்ந்தவை.

• துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் சில வாரங்கள் புளிக்கவிட்டு வடித்த கரைசலைக் கொண்டு, கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் ‘கலம்’ எனும் மூங்கில் எழுதுகோலால் எழுதும்போது, கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்புடன் கூடி, நீரில் எளிதில் கரையாத இரும்பு டானேட் என்னும் சேர்மமாகிறது. வெளிறி இறங்கும் கோடு கண்ணெதிரே கறுக்கிறது.

• வண்டிப் பாகத்திலோ இரும்பைத் துருவே தருகிறது. பூச்சிலுள்ள டானிக் அமிலம் செந்துருவைக் கருநீலப் படலமாக்க, பல பூச்சுகளில் உடன் சேர்க்கப்படும் பாஸ்பாரிக் அமிலம் இரும்பு பாஸ்பேட்டை உண்டாக்குகிறது. துருவே இல்லாத பளபளப்பான தகட்டில் டானிக் அமிலத்துக்குப் பெரிதாக வேலையில்லை.

• உதிரும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பின்னரே இப்பூச்சைப் பூச வேண்டும். கறுத்த படலம் மட்டும் மழையைத் தாங்காது. அதன்மேல் பிரைமரும் பெயின்ட்டும் கட்டாயம் தேவை.