மில்லை வேகமா ஓட்டலாம், மோட்டார் தாங்குமா?



போன வருஷம் தீபாவளி நேரம் ஒரு குழுவோட மசாலா அரவை மில்லுக்குப் போயிருந்தேன். மோட்டாரைக் கழற்றி வாசலில் வச்சிருந்தாங்க. காயில் கருகின நாத்தம் தெருமுனை வரைக்கும் வந்தது. "ஆர்டர் நிறைய இருந்துச்சு மேடம். டிரைவ் பெட்டியில 50-ஐ 60-ஆ மாத்தினா சீக்கிரம் அரைக்கும்னு மெக்கானிக் தம்பி சொன்னாரு. பத்து நாள் நல்லாத்தான் ஓடுச்சு" என்றார் குழுத் தலைவி. டிரைவ் அடிக்கடி டிரிப் ஆகி நின்றிருக்கிறது. அந்தத் தம்பி அதிலிருந்த ஆம்ஸ் அளவையும் கூட்டி வச்சிட்டார். கடன் தவணை கட்ட வேண்டிய மாசத்தில் ரீவைண்டிங் செலவு!

வேகத்தைக் கூட்டினது தப்பில்லை. மோட்டார் அளவைப் பார்க்காமல் கூட்டினதுதான் தப்பு.

உங்க மோட்டாரில் ஒட்டியிருக்கிற தகட்டைப் பாருங்க. 5 எச்.பி., 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்.பி.எம். என்று இருக்கும். அதுதான் மோட்டாரோட ஜாதகம். 60-ல் வச்சா வேகம் சுமார் 1730 ஆகும். வேகத்துக்கு ஏற்ப வோல்டேஜும் கூடணும். ஆனா நம்ம லைனில் வருவது 415 தான், டிரைவ் அதுக்கு மேல கொடுக்காது. அதனால் மோட்டாரின் இழுவை சக்தி 100-லிருந்து சுமார் 83-க்கு இறங்கிடும். மிளகாயை முன்ன மாதிரியே போட்டா மில் 100 கேட்கும். இல்லாததைக் கொடுக்க மோட்டார் கரண்டை அதிகமா இழுத்துச் சூடாகும். அதே குடத்தை அதே கிணத்துல வேகமா இழுத்தா நமக்கு மூச்சு வாங்குதில்லையா, அதேதான்.

கணக்கு சுலபம். 5-ஐ 60-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தா 6 எச்.பி. கடையில் 5-க்கு அடுத்து கிடைப்பது 7.5, அதைத்தான் வாங்கணும். ஆனா உங்க மில் இப்போ 4 எச்.பி. தான் எடுக்குதுன்னா 60-ல் 4.8 ஆகும், பழைய மோட்டாரே போதும். எலக்ட்ரீஷியனை டாங் டெஸ்டர் வச்சு, முழு லோடில் ஆம்ஸ் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. தகட்டில் இருக்கிற ஆம்ஸை இப்பவே தொட்டுட்டா, ஏத்த இடமில்லை.

டிரைவ் இல்லாம புல்லி மாத்துறவங்களும் உண்டு. மோட்டாரில் 4 அங்குலப் புல்லிக்குப் பதில் 5 அங்குலம் போட்டா மில் கால்பங்கு வேகமா சுத்தும். மோட்டார் வேகம் மாறாது, சுமை மட்டும் 6.25 எச்.பி.க்கு ஏறிடும்.

காற்று ஊதுற பிளோயர் வச்சிருக்கிற குழுக்கள் இன்னும் உஷாரா இருக்கணும். 5 எச்.பி. எடுக்கிற பிளோயர் 60-ல் 8.6 எச்.பி. கேட்கும், நம்பவே முடியாது!

மில் தயாரிச்சவங்க சொன்ன அதிகபட்ச வேகத்தைத் தாண்டவே கூடாது. உள்ளே சுத்துற சுத்தியல் தெறிச்சா ஆபத்து. பெல்ட் மூடியும் கட்டாயம் இருக்கணும், முந்தானை போற இடம்.

அந்தக் குழு இப்போ 7.5 எச்.பி. மோட்டார் போட்டிருக்காங்க. டிரைவ், கேபிள் ரெண்டையும் அதுக்கேத்த மாதிரி மாத்தி, மின்வாரிய அலுவலகத்தில் கூடுதல் லோடுக்கும் எழுதிக் கொடுத்துட்டாங்க.